கோடுபோட்டு அடித்த திங்கட்கிழமைகள்

திங்கட்கிழமை காலையில் அந்த அறைக்குள் ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நுழைவார்கள். பதினாலு பேர். வாசலுக்கு வந்ததும் திரும்பி நின்று, தூரத்தில் தெரியும் மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்தபடி, ஒவ்வொருவராகப் பின்னால் காலெடுத்து வைத்து உள்ளே போவார்கள். ஒருவரும் பேசமாட்டார்கள். தங்கள் மெஷினில் முதுகு இடித்த பிறகுதான் முன்பக்கம் திரும்புவார்கள். முதல்முறை நான் அதைப் பார்த்தபோது என் கையில் ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ‘நுழைவதில் தாமதம், இரண்டு நிமிடம்’ என்று எழுதிக்கொண்டேன்.

நீங்கள் நாலு பக்கத்திலிருந்து இந்த ஆய்வுப் பிரிவுக்கு வந்திருக்கிறீர்கள். சிலர் இன்ஜினீயர்கள், சிலர் நிர்வாகம் படித்தவர்கள், சிலர் நூல் துணித் தொழில் படித்தவர்கள். இரண்டு பேர் டாக்டர்கள். உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள், சார் நீங்க சாதிச்சதைச் சொல்லுங்க என்றார்கள். சாதித்ததெல்லாம் ஆண்டறிக்கைகளில் கிடக்கிறது, பொழுது போகாதபோது படித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் நான் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டலாம். எனக்குக் காது இப்போது மந்தம்தான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை, டிப்ளமா முடித்தவன். ஊருக்கு வெளியே பொட்டலில் இருந்த ஒரு நூல் மில்லில் நேர ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று நின்று பார்த்து எழுதவேண்டும், ஓர் ஆள் எத்தனை மெஷின் பார்க்கலாம் என்று சொல்லவேண்டும். மில்லில் எனக்கு வாட்ச்சுக்காரர் என்று பெயர். அதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னை விட்ட இடம் கார்டிங் அறை. பேல் என்கிற பொதியிலிருந்து உதறி எடுத்த பஞ்சைக் கம்பிப் பற்கள் பதித்த பெரிய உருளையில் சீவி, கயிறுபோல இழுத்து விடும் இடம். அந்தப் பற்களுக்கிடையில் கழிவும் தூசியும் அடைந்துகொள்ளும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உருளையைச் சுத்தம் செய்யவேண்டும். செய்யும்போது கிளம்பும் தூசியில் எதிரே நிற்கும் ஆளின் முகம் மறைந்துபோகும், வேட்டி மட்டும் தெரியும்.

சுத்தம் செய்வதில் மூத்த கை சவரிமுத்து. நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாத ஆள். முதுகைக் காட்டி நுழைவது எதற்கு என்று அவரிடம்தான் கேட்டேன். தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்குமே, அந்தப் பேயை எங்கள் பக்கம் அமுக்குவான் என்போம். அதன் பெயரைத்தான் அவர் சொன்னார்.

“அது தூங்குறவனத்தான அமுக்கும்?” என்றேன்.

“வீட்டுல இருக்கிறது தூங்குறவன அமுக்கும் சார். இங்க இருக்கிறது நிக்கிறவனையே அமுக்கும்.”

“எப்ப?”

“திங்கக்கெழம, மத்தியானத்துக்கு மேல. ஞாயித்துக்கெழம மில்லு ஓடாது, நாங்க பூராப் பேரும் வீட்டுக்குப் போயிருவோம். அது மட்டும் உள்ள பட்டினியாக் கெடக்கும். வாசலத் தொறந்ததும் எவன் நெஞ்சு தெரியுதோ அவன்மேல ஏறும். அதான் முதுகக் காட்டிட்டுப் போறோம்.”

“முதுகுல ஏறாதா?”

“ஏறட்டும் சார். முதுகுல ஏறுனா செமந்துக்கிறலாம். செமக்கிறதுதான நம்ம பொழப்பு.”

“கோயிலுக்குப் போறவரு, இதையெல்லாம் நம்புறீங்களா?”

“நம்புறதுக்கு இதுல என்ன சார் இருக்கு? எம்மேல ஏறுதுல்ல. செவ்வாக்கெழம கொறைஞ்சிரும். வெசாழக்கெழமைக்கு அப்பிடி ஒண்ணு இருந்ததே மறந்துபோகும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று சொல்ல ஆசை. அடக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் அந்த அறையில் இருந்தது. ஓர் உருளையைச் சுத்தம் செய்ததும் சவரிமுத்துவும் கூட்டாளியும் விறுவிறுவென்று வெளியே போய்விடுவார்கள். தாழ்வாரத்தில் நின்று ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கிளப்பிவிட்ட பேய் ஆளைத் தேடிப் பார்த்துவிட்டு அடங்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்த நூறு எண்ணும் நேரத்தை ஒரு மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எண்ணிக்கையாக மாறியதும் அது எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. ‘வீண் நேரம்’ என்று தலைப்புக் கொடுத்தேன்.

திங்கட்கிழமைகள் எனக்குத் தொல்லையாக இருந்தன. மற்ற ஐந்து நாளும் அளவுகள் ஒழுங்காக வந்தன. திங்கள் மட்டும் மத்தியானத்துக்குப் பிறகு சரிந்து விழும். அப்போது எனக்கு மேலே இருந்தவர் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. வாட்ச்சைப் பிடிக்கும்போது ஆள் கருவியைக் கீழே போட்டாலோ யாராவது கூப்பிட்டுத் திரும்பினாலோ அந்த அளவு அசாதாரணம், அதைச் சுழித்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடு என்பார். சரியான விதிதான், நீங்களும் படித்திருப்பீர்கள். நான் அதை ஓர் அளவுக்குச் செய்யவில்லை, ஒரு கிழமைக்கே செய்தேன். எல்லாத் திங்கட்கிழமைத் தாள்களிலும் குறுக்கே கோடு போட்டு, ‘அசாதாரணம்’ என்று எழுதிக் குப்பைக்கூடையில் போட்டேன். மீதி ஐந்து நாளை வைத்துக் கணக்குப் போட்டதில், வெளியே போய் நிற்காவிட்டால் ஆளுக்கு இரண்டு மெஷின் கூடப் பார்க்கலாம் என்று வந்தது.

மேனேஜர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது: வெளியே போய் நிற்கக் கூடாது, அறைக்குள் நேராக நடந்து நுழையவேண்டும்.

உத்தரவுக்குப் பிறகு வந்த முதல் திங்கட்கிழமை நானும் மேஸ்திரியும் வாசலில் நின்றோம். பதினாலு பேரும் நேராகத்தான் வந்தார்கள். துண்டை மடித்து நெஞ்சில் வைத்து, அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என்னைத் தாண்டும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஏனோ வாசலிலிருந்து விலகி நிற்கவேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் மோசமாயின. மூன்று மணிக்கு மேல் ஆட்கள் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், உதடு வெளுத்திருக்கும். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, சவரிமுத்து தள்ளாடி, ஓடுகிற மெஷினின் மேலேயே சாய்ந்தார். கூட்டாளி இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. மேஸ்திரி ஓடிவந்தார்.

“ஏலே, ஞாயித்துக்கெழம ஊத்துனது இன்னும் எறங்கலையாலே?”

சவரிமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. பார்த்தால் குடித்தவன் மாதிரியேதான் இருந்தது.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடித்துவிட்டு வந்தான் என்று மில் எழுதினால் வேலையோடு போகாது, போலீஸ், கோர்ட்டு என்று இழுக்கும். சவரிமுத்துவை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்து, இரண்டு வாரம் கழித்து விசாரணை என்றார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் நான் சாட்சி. தள்ளாடியதைப் பார்த்தேன், கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டும் உண்மை. கையெழுத்துப் போட எனக்கு ஒரு தடையும் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் மில் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார்.

“சார், எம் மூத்த பிள்ளைய ஒட்டன்சத்திரம் பக்கம் கேட்டிருக்காக. மாப்பிள்ள வீட்டுல மில்லுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கப் போறாகளாம். எனக்கு வேல போனாப் போகுது. குடிகாரன்னு பேரோட போகக் கூடாது. எம் பொண்டாட்டியே இப்ப கேக்குறா சார், எனக்குத் தெரியாம எங்க போய்க் குடிக்கிறன்னு. திங்கக்கெழம சாயங்காலம் நான் வீட்டுக்குப் போற நடையப் பாத்துட்டு வருசக்கணக்கா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கா.”

அவர் விழுந்த அன்று நானும்தான் குனிந்து தூக்கினேன். பஞ்சு வாடையும் எண்ணெய் வாடையும்தான் அடித்தன. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் குறித்துக்கொண்டேன், மூக்குக்கு வந்ததைக் குறிக்கவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். பகல் பதினோரு மணி, நல்ல வெயில். நான் கதவைத் திறந்த வேகத்தில் மெஷின்கள்மேல் படிந்திருந்த பஞ்சுத் தூசி மொத்தமாக எழும்பி, மெல்ல இறங்கியது. அறை ஒரு தடவை மூச்சு விட்டதுபோல இருந்தது. கூரைச் சட்டங்களில் ஒட்டடை வெள்ளைச் சரமாகத் தொங்கி, காற்றே இல்லாத இடத்தில் ஆடியது. கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் தூசி அந்தரத்தில் நின்றது. அந்தச் சத்தமில்லாத அறையில் நான் தனியாக இல்லை என்று எனக்குத் தோன்றியது. முதுகைத் திருப்பிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். டிப்ளமா வாங்கியவன் என்பதால் திருப்பவில்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு, ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூட்டினேன். பூட்டுக்காரர் மகன், அந்தப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து உள்ளேயே நின்றேன். வாட்ச்சை எடுக்கவில்லை, சும்மா நின்றேன். மூன்று மணி இருக்கும். என் மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கை பதிந்தது. குனிந்து பார்த்தேன், சட்டைப்பையில் பென்சில்தான் இருந்தது. உள்ளங்கை அழுத்த ஆரம்பித்தது. காதோரத்தில் யாரோ மெல்ல விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். சட்டென்று திரும்பினேன், பின்னால் சுவர். மறுபடி கேட்டது. அது என் தொண்டையிலிருந்து வருகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இழுத்த காற்று பாதி வழியில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது. எதிர் மெஷினில் நின்றவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏறிருச்சா சார்?” என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரல்தான்.

எனக்கு அன்றைக்கு வந்த பயத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதே அறையில், அதே இடத்தில் நின்றேன். மூச்சு கொஞ்சம் கனத்தது, அம்புட்டுதான். சவரிமுத்து சொன்ன கிழமைக் கணக்கு பிசகவே இல்லை.

ஊரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வயதான டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவரிடம் போய், சிரிக்காதீங்க என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“திங்கக்கிழமை சாயங்காலமானா மில்லுக்காரங்க என்கிட்ட வாராங்க தம்பி. நான் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி நெஞ்சைப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. வருஷக்கணக்கா எனக்கும் புரியல. வேற தேசத்துப் பஞ்சாலையில இப்படி ஒரு சீக்கு உண்டுன்னு படிச்சிருக்கேன். பஞ்சுத் தூசிதான். ஒரு நாள் விட்டுட்டு மறுபடி அதுக்குள்ள போறப்ப நெஞ்சு இறுகிக்குது, வாரம் போகப் போக விட்டுக்குடுத்துருது. பல வருஷம் ஆனா விட்டுக்குடுக்கவும் தெரியாமப் போகும்.” பிறகு கையை நீட்டினார். “உங்க திங்கக்கிழமைக் கணக்கைக் குடுங்க.”

“அதைக் குப்பையில போட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“மத்த நாளோட ஒத்து வரல.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “தம்பி, நீங்க சீக்கைக் குப்பையில போட்டுட்டு மிச்சத்தை வச்சு அறிக்கை எழுதியிருக்கீங்க.” அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூச்சை அளக்கிற கருவி அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. வாயை அகலத் திறந்துவைத்து, உதட்டைக் குவிக்காமல் ஊதி மெழுகுவத்தியை அணைக்கச் சொன்னால் நெஞ்சின் பலம் தெரியும் என்றார். அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பலகை செய்தேன். நீளவாக்கில் அளவுக் கோடுகள், அதில் நகர்கிற பித்தளைத் தட்டு, தட்டின்மேல் மெழுகுவத்தி. எத்தனை தூரத்தில் வைத்தால் அணைக்க முடிகிறது என்பதுதான் அளவு. சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் டீக்கடைப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பதின்மூன்று பேரையும் ஊதவைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி ஊதவைத்தேன். சனிக்கிழமை ஒரு முழத்துக்கு அப்பால் அணைத்தவர்கள் திங்கட்கிழமை பாதித் தூரத்திலும் அணைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து வாயைத் திறந்தார்கள். சுடர் நிமிர்ந்து அப்படியே நின்றது. அந்தச் சின்ன இருட்டறையில் பதின்மூன்று பேரின் மூச்சுச் சத்தம் கேட்கிறது, எதிரே நெருப்பு அசையவில்லை. ஓர் ஆள் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் போய், யாராவது காற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

சவரிமுத்து ஆஸ்பத்திரிக்கே வந்தார். அறைக்குள் கால் வைக்காமல் பத்து நாளுக்குமேல் ஆகியிருந்தது. டாக்டரம்மா ஜன்னலை அடைத்தார். ஒரு முழத்தில் வைத்தேன், அசையவில்லை. ஒரு சாணுக்குக் கொண்டுவந்தேன். நாலு விரல் தூரத்துக்கு வந்ததும் சுடர் லேசாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

“இன்னும் கிட்ட வச்சா மீச கருகிரும் சார்” என்று சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. “இப்பச் சொல்லலாமுல்ல, நான் குடிக்கலன்னு?”

“சொல்லலாம்” என்றேன். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். சவரிமுத்து வெளியே போனதும் டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

“இந்தக் கணக்கை யார்கிட்டக் குடுக்கப் போறீங்க?”

“மேனேஜர்கிட்ட. நாளன்னிக்கு விசாரணை.”

“முதல்ல அவருக்கு வெளியில ஒரு வேலை கேட்டு வாங்குங்க. வாங்கிட்டு அப்புறம் இதைக் காட்டுங்க.”

“உண்மையைக் காட்டுனாப் போதும்மா. மேனேஜர் நியாயமானவரு.”

நடுவில் முழுசாக ஒரு நாள் இருந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமா, கேட் காவலுக்கு வேண்டுமா என்று ஆபீசில் விசாரிக்க அரை மணி நேரம் போதும். அந்த நாளை நான் எதில் செலவழித்தேன் தெரியுமா? வரைபடம் போட்டேன். பச்சை மையில் சனிக்கிழமை, சிவப்பு மையில் திங்கட்கிழமை. இந்த ஜில்லாவிலேயே இதைக் கண்டுபிடித்தவன் நான் என்ற நினைப்பு எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. மில்லில் அன்றைக்கு யாருக்காவது போதை இருந்ததென்றால் அது எனக்குத்தான்.

விசாரணையில் நாங்கள் நாலே பேர்: மேனேஜர், மேஸ்திரி, சவரிமுத்து, நான். என் அறிக்கை தப்பு என்று முதலில் சொன்னேன். திங்கட்கிழமைகளை அடித்துவிட்டுக் கணக்குப் போட்டேன், வெளியே போய் நிற்பதை வீண் என்று எழுதினேன், இரண்டும் என் பிழை என்றேன். சொல்லும்போது, வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வரைபடத்தை மேசையில் விரித்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

“அப்ப இவர் குடிக்கல.”

“குடிக்கல சார்.”

“மத்தவங்களுக்கு வாரக் கடைசியில சரியாயிடுது. இவருக்கு?”

“பத்து நாள் வெளியில இருந்தும் சரியாகல சார்.”

“ஆக, நெஞ்சு நிரந்தரமாக் கெட்டுப்போச்சு.”

“ஆமா சார்.” சரியான விடை சொன்ன பையன்போலச் சொன்னேன்.

“நாலு விரல் தூரத்துல இருக்கிற மெழுகுவத்தியை அணைக்க முடியாதவரை ஓடுற மெஷின் முன்னால எப்படிங்க நிறுத்துறது? கை போனா யார் பதில் சொல்றது?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளிவேலை ஏதாவது என்று இழுத்தேன். இப்போதைக்கு இடம் இல்லை என்றார். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாம். என் பிழைக்கு என்னை ஒன்றும் சொல்லாமல் விட்டாரே என்ற நிம்மதியில் வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலையே கடிதம் தட்டச்சாகி வந்தது. குடித்ததாகச் சொன்ன குற்றச்சாட்டு உண்மையல்ல. உடல் தகுதி இல்லாததால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஆதாரம் என்று என் பலகையின் அளவைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

சவரிமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். முதல் வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாவது வரியைப் படித்தபோது பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத வரி போதும் சார்” என்று கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். “ஒட்டன்சத்திரத்துக்காரகளுக்கு இதக் காட்டிக்கிறேன். பெரிய உபகாரம்.” என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது, என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் போகவில்லை, துணிச்சல் இல்லை. அடுத்த மழைக்காலத்தைச் சவரிமுத்து தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மேனேஜரிடம் நின்று வாங்கியது ஒன்றுதான். பழைய உத்தரவை ரத்து செய்ய வைத்து, உருளையைச் சுத்தம் செய்த பிறகு தூசி அடங்கும்வரை வெளியே நிற்கவேண்டும் என்று புதிய விதியில் எழுதவைத்தேன். இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும், மாதம் ஒருமுறை எல்லாருடைய மூச்சையும் அளந்து கெடுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். “அளக்க விடுவாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் பலகையோடு போனேன். பதின்மூன்று பேரும் வந்தார்கள், மறுக்கவில்லை. பதின்மூன்று பேரும் ஒரு முழத்துக்கு அப்பால் அணைத்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள், ஊதும் நொடியில் உதட்டைக் குவித்துவிடுவார்கள். எப்படி இருக்கு என்று கேட்டேன். “நல்லா இருக்கோம் சார்” என்றார்கள், ஒருவர் விடாமல். ஏறிருச்சா சார் என்று என்னைக் கேட்டவரும் அதையேதான் சொன்னார். வேர்வை அவர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை, நாலு மணித் தேநீர் இடைவேளை. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் தற்செயலாகப் போனேன். தூரத்திலிருந்தே இருமல் சத்தம் கேட்டது, ஒரு கூட்டமே இருமுகிற சத்தம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அது அறுத்ததுபோல நின்றது. நான் கொட்டகையைச் சுற்றி வந்து பார்த்தபோது கார்டிங் ஆட்கள் தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். வாய் இறுக மூடியிருந்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஒருவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. இன்னொருவர் தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. யாரும் அசையவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள், நான் எப்போது போவேன் என்று.

தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டி, முடிந்தவரை வேகமாக நடந்தேன். கொட்டகை மூலையைத் திரும்பியதும், எனக்குப் பின்னால் பதின்மூன்று பேரும் ஒன்றாக இரும ஆரம்பித்தார்கள்.